ஒரு வெற்றி, இரு தெய்வங்கள்!

வென்றவன் ஒருவன். வீழ்ந்த நகரும் ஒன்று. ஆனால் அந்த வெற்றிக்கு உரிமை கொண்டாட விண்ணிலிருந்து இறங்கிவந்த தெய்வங்களோ இரண்டு!

கி.மு. 539. பாரசீக மன்னன் சைரஸ் பாபிலோனைக் கைக்கொண்டான். தமிழ் விவிலியத்தில் கோரேசு என்று குறிக்கப்படுபவன் இவனே. நாடிழந்து, கோயில் இடிபட்டு, சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட யூத மக்கள் அந்நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ஏக்கத்தோடு வாழ்ந்த காலம் அது. நகர் வீழ்ந்தது, எழுதுகோல்கள் எழுந்தன.

பாபிலோனில் எழுதப்பட்ட களிமண் உருளை ஒன்று 1879இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அது கூறுவதென்ன? அந்நகரின் தெய்வம் மார்துக், நல்லதொரு மன்னனைத் தேடி நாடெல்லாம் நோக்கினாராம். சைரசின் கையைப் பற்றினாராம். பெயர் சொல்லி அழைத்தாராம். போரின்றியே தம் நகருக்குள் புகச் செய்தாராம்!

யூதர்தம் மறையில் ஏசாயாவின் ஏட்டைப் புரட்டுங்கள். அங்கே அதே சைரசின் வலக்கையைப் பற்றியவர் யெகோவா! பெயர் சொல்லி அழைத்தவரும் அவரே! அந்தச் சைரஸ் தம்மை அறியாதவன் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

கை ஒன்று, பற்றியவர் இருவர்! எவர் உரிமை மெய்? வழக்கு மன்றத்திற்கு இப்படியொரு வழக்கு வந்தால், ஆதாரம் எங்கே என்றுதான் நடுவர் கேட்பார். நாமும் அதையே கேட்போம்.

ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது தெய்வத்தைக் காட்டவில்லை, மனிதரைக் காட்டுகிறது. பாபிலோன் மன்னன் நபோனிடஸ் தலைநகரை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அரேபியப் பாலையிலுள்ள தேமா நகரில் ஆண்டுக்கணக்கில் தங்கினான். மன்னனில்லாத தலைநகரில் புத்தாண்டுப் பெருவிழா நின்றது. திங்கள் தெய்வத்தின்பால் அவன் காட்டிய பற்று, மார்துக் கோயில் பூசாரிகளைப் புண்படுத்தியது. ஓபிஸ் நகரருகே நடந்த போரில் அவன் படை தோற்றது. அதன் பின்னரே, உக்பாரு என்ற ஆளுநனின் தலைமையில் சைரசின் படை பாபிலோனுக்குள் போரின்றி நுழைந்தது. போரின்றி வென்றதாகப் புகழ்பாடும் உருளை, ஓபிசில் சிந்திய குருதியைப் பற்றி மூச்சும் விடவில்லை!

பாபிலோனியரும் யூதரும் கிடக்கட்டும், அறிவுக்கு உறைவிடமான கிரேக்கம் அப்படியா என்பீர்கள். அப்படியேதான்! கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகப் பேரரசன் செர்க்சிஸின் கப்பற்படை முறிந்தது. முறித்தவை எவை? ஆதென்ஸ் நகரத்தாரின் போர்க்கப்பல்கள். அவை வந்தது லாரியம் சுரங்கத்து வெள்ளியால். அதை ஆளுக்குப் பத்துத் திராக்மாவாகப் பங்கிட்டுக்கொள்ள இருந்த மக்களைத் தடுத்து, கப்பல் கட்டச் செய்தவர் தெமிஸ்டாக்ளிஸ். இருண்ட குழிகளில் அந்த வெள்ளியை வெட்டியவர்கள் அடிமைகள். துடுப்பு வலித்தவர்களிலே பெரும்பாலோர் ஏழைக் குடிமக்கள். ஆயினும், வெற்றிக்குப் பின் தெமிஸ்டாக்ளிஸ் சொன்னதாக எரோடோட்டஸ் எழுதுவதென்ன? இதைச் செய்தவர்கள் நாமல்லர், தெய்வங்களே என்பதாம்! திட்டம் தீட்டியவரே தெய்வத்தின்மேல் போட்டுவிட்டார். வெள்ளி வெட்டிய அடிமையின் பெயரை எவர் எழுதுவார்? பின்னர் அதே ஆதென்ஸ் அவரை நாடு கடத்தியது. அவருக்குப் புகலிடம் தந்தது பாரசீக அரசு. அன்று அந்தத் தெய்வங்கள் எங்கே போயின?

"நாடிழந்தோர் நம்பிக்கையால் ஆறுதல் பெற்றனர், அதிலே என்ன கேடு?" என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. துயருற்ற யூத மக்கள் பற்றிக்கொண்ட ஆறுதலை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அடிமைப்பட்டவனுக்கு ஆறுதலான அதே சொல், அரியணையில் அமர்ந்தவன் கையில் வாளாகிறது. அதுதான் கேடு!

சான்று, ஈரானின் பெகிஸ்தூன் மலைப்பாறை. சைரசின் மகனுக்குப் பின் ஏற்பட்ட குழப்பத்தில், கி.மு. 522இல் அரியணை ஏறியவன் டேரியஸ். மூன்று மொழிகளில் அவன் அங்கே வெட்டிவைத்த செய்தி: ஆட்சியை எனக்கு அளித்தவர் அகுரமஸ்தா. ஆகவே எதிர்த்தவரெல்லாம் யார்? பொய்யர்! மீதியர் நாட்டில் கிளர்ந்தெழுந்த பிரவர்த்தி என்பவனின் மூக்கும் காதும் நாவும் அறுக்கப்பட்டன, கண் ஒன்று பறிக்கப்பட்டது, பின் கழுவேற்றப்பட்டான். இதைக் கொடுமையென்று பகைவன் எழுதிவைக்கவில்லை. பெருமையென்று மன்னனே எழுதிவைத்தான்! அரசு தெய்வம் தந்தது என்று ஆனபின், உரிமை கேட்பவன் குற்றவாளி, கழுமரமோ அறம்!

அதே டேரியஸ் சூசா நகரில் எழுப்பிய அரண்மனையின் கல்வெட்டும் அகுரமஸ்தாவைத் தொழுகிறது. ஆனால் அங்கே உண்மை தன்னையறியாமல் வெளிவருகிறது: கல் தச்சர் அயோனியக் கிரேக்கர், செங்கல் சுட்டவர் பாபிலோனியர், பொற்கொல்லர் மீதியரும் எகிப்தியரும், தேவதாரு லெபனானிலிருந்து, தந்தம் வந்த நாடுகளிலே இந்தியாவும் ஒன்று. எத்தனை இனங்கள், எத்தனை கைகள்! அந்தப் பட்டியலில் கல் சுமந்த தெய்வம் ஒன்றேனும் உண்டா?

பழங்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 1971இல் ஈரானின் ஷா, மன்னராட்சிக்கு 2500 ஆண்டு நிறைவென்று விழா எடுத்தபோது, அந்தக் களிமண் உருளையைத்தான் சின்னமாகக் கொண்டார். உலகின் முதல் மனித உரிமைப் பட்டயம் என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1979இல், அவர் ஆட்சி மக்கள் எழுச்சியில் சரிந்தது. அடுத்து அமைந்த ஆட்சியும் இறைவன் பெயராலேயே அமைந்தது! மன்னர் மாறினர், கை பற்றும் கதை மாறவில்லை.

பாரசீகப் படையெடுப்பால் சொந்த ஊரான கொலோபோனை விட்டு வெளியேறி, நாடோடியாய் அலைந்த கிரேக்க அறிஞர் செனோபனீஸ். அவரும் ஒரு பெருந்தெய்வத்தை நம்பியவர்தாம். ஆயினும், ஒவ்வோர் இனமும் தன் முகச்சாயலிலேயே தெய்வங்களைப் படைத்துக்கொள்கிறது என்று அன்றே துணிந்து சொன்னார். ஊரை இழந்தவர் அறிவை இழக்கவில்லை!

இளைஞர்களே! கல்வெட்டைக் காணும்போதும், மறையைப் படிக்கும்போதும், வெற்றி விழா மேடையின் முன் நிற்கும்போதும், எந்தத் தெய்வம் வென்றது என்று கேட்காதீர்கள். எழுதியவன் யார், எழுதச் சொன்னவன் யார், எவர் உழைப்பு அங்கே மறைக்கப்பட்டது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் மன்னர்கள் கழுமரம் நட்டனர்.