திண்ணைத் தோழர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை ஒருவன், கல்லூரிக்குச் செல்லாமல் கடை வேலைக்குச் செல்கிறான். "அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தோமா?

2006ஆம் ஆண்டில் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையை நினைவுகூருங்கள். 20 வயதும் அதற்கு மேலும் ஆன இந்திய முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு என்றும், நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்து நோக்கின் சுமார் 7 பேர் என்றும் அது கூறிற்று. இறைவன் அறிவை வீடு பார்த்து வழங்குவதில்லை. வாய்ப்புத்தான் வீடு பார்த்து வருகிறது.

கல்லூரிகள் இல்லாமலில்லை. வாணியம்பாடியில் 1919இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951இலும் நம் முன்னோர் கல்லூரி கண்டனர். 2007இல் தமிழக அரசு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தது. கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆயினும் மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்க்கும், ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் உழைக்கும் தந்தைக்கும் கல்லூரிக் கட்டணம் மட்டுமா சுமை? மகன் படிக்கும் மூன்றாண்டுகளும் அவன் கொண்டுவரக்கூடிய கூலி நின்றுபோகிறதே, அதுவன்றோ பெருஞ்சுமை! மருத்துவர் வீட்டுப் பிள்ளை நுழைவுத் தேர்வுகளின் பெயர்களை உணவு வேளையிலேயே கேட்டு வளர்கிறான். இந்த வீட்டுப் பிள்ளைக்கோ விண்ணப்பத்தின் கடைசி நாளைச் சொல்லவும் ஆளில்லை.

இதற்கு மருந்து நம் மார்க்கத்திலேயே உண்டு. மதீனாப் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையில் வறிய தோழர்கள் தங்கிக் கல்வி கற்றனர். அங்கே கட்டணம் என்பதே இல்லை. பசிதான் தடையாக இருந்தது. இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்தத் திண்ணையிலிருந்தவர்தாம் நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள்.

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. வறுமையால் பாடம் விட்டுப் பிழைப்புத் தேடும் நிலை அவருக்கு வந்தது. ஆசிரியர் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொருளுதவி செய்து, அவரைத் தம் வகுப்பில் இருத்திக்கொண்டார்கள். அம்மாணவரே பிற்காலத்தில் ஹாரூன் அல் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக உயர்ந்தார்.

அன்பர்களே! ரமலானில் நாம் வழங்கும் ஸகாத், சில்லறையாகச் சிதறி ஒரே நாளில் கரைந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதியை மாணவருள்ள ஏழைக் குடும்பத்துக்குத் திங்கள்தோறும் கொடுத்து, அந்த வீடு இழக்கும் கூலியை ஈடு செய்யலாகாதா? வறியவரும் தேவையுடையோரும் ஸகாத்துக்குரியோர் எனத் திருமறை (9:60) வகுத்திருக்கிறதே! பொருளில்லாதவரும் உதவ வழியுண்டு. படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரலாம். பெண்மக்களையும் இதில் மறந்துவிடாதீர்கள். பணம் குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது அவர்களின் படிப்பே.

இன்று தொழுகை முடிந்து திரும்புகையில் உங்கள் தெருவை ஒருமுறை நோக்குங்கள். படிப்பை விட்ட பிள்ளை எந்த வீட்டிலிருக்கிறான் என்று கேளுங்கள். மறுமையில் நம்மிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுமுன், இம்மையில் நாமே கேட்டுக்கொள்வோம். வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக! ஆமீன்.