ஞானக் குழந்தையும் துப்பறியும் நாவலும்

கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலை. துப்புத் துலங்காமல் காவல்துறை கைவிட்ட வழக்கு. கோப்பு தூசி படிந்து கிடக்கிறது. அந்தக் கொலை நடந்தபோது பிறந்தேயிராத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, தான் என்றும் கண்டிராத ஒரு கிணற்றைப் பற்றிப் பேசுகிறாள். தாய் அழுகிறாள், தந்தை மருத்துவரிடம் ஓடுகிறார், ஓய்வுபெறும் தறுவாயிலுள்ள ஆய்வாளர் மட்டும் நம்புகிறார். முப்பதாவது அத்தியாயத்தில் சிறுமி விரல் நீட்டுகிறாள். நீட்டப்பட்டவன் உடனே வியர்த்து விழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். முற்றும்.

இவ்வகை நாவல்களை நாம் வெறுப்பவர்கள் அல்லர். ஊரிலிருந்து வருவோர் பையில் வைத்துக் கொணரும் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கத்தைத்தான் நாமும் முதலில் புரட்டுகிறோம். பேய்க்கதைமீதும் நமக்குப் பகையில்லை. 1977இல் ஸ்டீபன் கிங் எழுதிய ‘தி ஷைனிங்’ நாவலில் வரும் சிறுவனுக்குப் பிறர் மனமும் பின்வருவதும் தெரிகின்றன. அது அச்சமூட்டவே எழுதப்பட்ட கதை, அவ்வளவில் அது நாணயமானது. நம் வழக்கு வேறு. துப்பறியும் நாவல் என்று பெயர் சூட்டி, அறிவுக்கு விருந்து என்று அழைத்து, இலை போட்டபின் பந்தியில் சோற்றுக்குப் பதிலாக விபூதியைப் பரிமாறுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

கோப்பில் குறிப்பெழுதிப் பிழைப்பவர்கள் நாம். எந்தக் குறிப்பின் ஓரத்திலும் மேலதிகாரி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எவ்வாறு தெரிந்தது? “எனக்குத் தோன்றியது” என்று எழுதினால் கோப்பு அன்றே திரும்பிவரும். துப்பறியும் கதையும் இந்தக் கேள்வியின்மீது எழுந்த கட்டடமே. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, இயற்கைக்கு மேற்பட்ட சக்திகளை அடியோடு விலக்கி வைத்தார். வகுத்தவர் நாத்திகர் அல்லர், கத்தோலிக்கக் குருமார் என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுளைக் கோயிலில் கும்பிட்டவர், அவரைக் கதாசிரியரின் சோம்பலுக்குத் துணையாளாக்க ஒப்பவில்லை.

“மறுபிறப்பும் முன்னுணர்வும் நம் மரபில் உள்ளவையாயிற்றே, மேலைநாட்டார் விதி நமக்கெதற்கு?” என்பர். மரபையே பார்ப்போம். சிலப்பதிகாரத்தை விடப் பெரிய கொலை வழக்கு நம்மிடம் இல்லை. ஒரு நகரத்தையே எரிக்கும் ஆற்றல் வாய்ந்தவள் கண்ணகி. அத்தகையவள் பாண்டியன் அவையில் தெய்வ ஆவேசத்தைச் சான்றாகக் காட்டினாளா? இல்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே வரவழைத்தாள். பிறகு உடைத்துக் காட்டினாள். தெறித்தது மாணிக்கம், முடிந்தது வழக்கு. கோவலனின் முற்பிறப்புக் கதையை மதுராபதித் தெய்வம் கூறுவது அதற்குப் பின்னரே. அது வினையின் விளக்கம். குற்றத்தின் நிரூபணம் அன்று.

இன்னும் ஒன்று உண்டு. பலர் இதனைக் கருதுவதில்லை. வரந்தரு காதையில் மூன்று சிறுமியர்மீது நீர் தெளிக்கப்படுகிறது. அவர்கள் பழம்பிறப்பு உணர்வு பெற்று, கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் மாதரியாகவும் அரற்றுகிறார்கள். ஞானக் குழந்தைகள் மூவரையும் ஒருசேர மேடையில் நிறுத்திய இளங்கோ, அவர்களைக் கொண்டு யாரையும் குற்றவாளியாக்கவில்லை. அவர்கள் அழுகிறார்கள், அவ்வளவுதான். இந்த அடக்கம் நம் தொடர்கதை ஆசிரியர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

வங்காளத்தில் ஒருவருக்கு வாய்த்தது. சத்யஜித் ராய் 1971இல் எழுதி, 1974இல் தாமே படமாக்கிய ‘சோனார் கேல்லா’வைப் படங்காட்டும் சங்கங்களின் தயவில் நம்மவர் பலர் கண்டிருப்பர். முகுல் என்ற கல்கத்தாச் சிறுவன் முற்பிறவி நினைவென்று பொற்கோட்டை ஒன்றைப் பற்றிப் பேசுகிறான். பரா சைக்காலஜி ஆய்வாளர் ஒருவர் அவனை ராஜஸ்தானத்துக்கு அழைத்துச் செல்கிறார். புதையல் இருக்குமென்று கயவர் இருவர் பின்தொடர்கின்றனர். பொற்கோட்டை உண்மையிலேயே இருக்கிறது. மஞ்சள் மணற்கல்லால் கட்டிய ஜெய்சால்மர்க் கோட்டை அது. ஆகவே சிறுவன் பொய் சொல்லவில்லை என்று வாசகன் நம்ப இடமுண்டு. ஆனால் போலி ஆய்வாளரை அம்பலப்படுத்துவது அவன் ஞானதிருஷ்டி அன்று; ஃபெலுதாவின் கண்ணும் நினைவும் கணக்கும்தான். ராய் அற்புதத்தைக் கதையின் வாசற்படியில் வைத்தார். தீர்ப்பு மேசையில் வைக்கவில்லை. பெரியவர்கள் அனைவரும் ஒரு குழந்தையின் தலைக்குள் தங்கம் தேடுகிறார்கள். படத்தின் முடிவில் குழந்தை வேண்டுவதோ கல்கத்தாவிலுள்ள தன் வீட்டை. நம் தொடர்கதைகளில் எந்தச் சிறுமியாவது “வீட்டுக்குப் போக வேண்டும்” என்று சொல்லியிருக்கிறாளா?

“கதைதானே, யாருக்கு என்ன கேடு?” என்று கேட்கும் நண்பர்களுக்காக, நாம் கண்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பொன்றில் ஒரு தமிழ் வீட்டில் இரட்டைவடச் சங்கிலி காணாமற் போயிற்று. காவல் நிலையத்துக்குப் போனால் மானம் போகும் என்றார்கள். ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் மை போட்டுப் பார்க்கத் தெரிந்தவர். தலைச்சன் குழந்தை வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு எட்டு வயதுப் பெண்ணை அழைத்து உட்கார்த்தி, வெற்றிலையில் மை தடவிக் கையில் கொடுத்து, விளக்கேற்றினார். “அனுமார் வந்துவிட்டாரா பாப்பா?” என்றார். “வந்துவிட்டார்” என்றாள். “பெட்டியைத் திறப்பது ஆணா, பெண்ணா?” “பெண்.” “புடவை என்ன நிறம்? பச்சையா?” “பச்சை.” கூடியிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண். அவளிடம் ஒரு பச்சைப் புடவை இருந்தது. மறுநாள் முதல் அவளுக்கு அங்கே வேலை இல்லை. செய்தி பரவியதால் வேறு எந்தத் தமிழ் வீட்டிலும் வேலை இல்லை. சில வாரங்களில் குழந்தைகளோடு குடிசையைக் காலி செய்துகொண்டு எங்கோ போனாள். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை.

மை பார்த்த பெண் இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் பேச்சு அங்கே திரும்பியபோது, “வெற்றிலையில் விளக்குச் சுடர்தான் தெரிந்தது. எனக்குப் பசித்தது. ஆமாம் ஆமாம் என்றால் சீக்கிரம் எழுந்துபோகலாம் என்று தெரிந்துகொண்டேன்” என்றார். அந்த வேலைக்காரப் பெண்ணின் முகத்தை மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். கேட்டவரின் சந்தேகத்தைக் குழந்தையின் வாய்வழியே கேட்டுக்கொள்வதே மை போடுதல். இதைத்தான் நம் நாவல்கள் முப்பது அத்தியாயங்களில் செய்கின்றன; ஒரு வேறுபாடு, அங்கே கதாசிரியர் வேண்டியபடி குற்றவாளி ஒப்புக்கொண்டுவிடுகிறான். உலகம் அப்படி ஒத்துழைப்பதில்லை.

1966 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், கிளெனல்க் கடற்கரைக்குச் சென்ற பியூமாண்ட் குடும்பத்துக் குழந்தைகள் மூவர் திரும்பவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஜெரார்ட் குரோய்செட் என்ற பெயர்பெற்ற டச்சு ஞானதிருஷ்டிக்காரர் வரவழைக்கப்பட்டார். ஒரு கிடங்கின் தரைக்கடியில் உடல்கள் இருப்பதாக அவர் காட்டினார். மக்கள் 40,000 டாலர் திரட்டினர், தரை தோண்டப்பட்டது, ஒன்றும் இல்லை. 1996இல் அதே இடம் மறுபடியும் தோண்டப்பட்டது, அப்போதும் இல்லை. பெற்றோரின் நம்பிக்கையை இருமுறை தோண்டிப் புதைத்ததுதான் கண்ட பலன். வழக்கு இன்னும் துலங்கவில்லை.

நம் சட்டம் குழந்தையைச் சாட்சிக்கூண்டிலிருந்து விலக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பகுத்தறிந்து விடை கூற இயலுமாயின் குழந்தையும் சாட்சி சொல்லலாம் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் கொள்கை. 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே கொண்டிருக்கிறது. ஆனால் கண்டதைக் கண்டதாகச் சொல்ல வேண்டும். இது குழந்தைக்குத் தரும் மதிப்பு. ஞானக் குழந்தை நாவலோ அந்த மதிப்பைத் தராமல், குழந்தையை வெற்றிலையாக்குகிறது.

தில்லியிலேயே பிறந்த சாந்தி தேவியை நினைக்கிறோம். 1926இல் பிறந்தவர். மழலை மாறாத வயதிலேயே மதுராவில் தமக்குக் கணவரும் மகனும் உண்டென்று சொன்னவர். 1935இல் ஒரு குழு அவரை மதுராவுக்கு அழைத்துச் சென்று, பின்னர் அறிக்கையும் வெளியிட்டது. அது மறுபிறப்பா அன்றா என்ற வழக்கில் நாம் தலையிடவில்லை. கற்றோர் இரு பக்கமும் எழுதியுள்ளனர். 1987இல் மறையும்வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை என்பதும், முதுமையிலும் ஆய்வாளர்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதும்தான் நம் மனத்தில் நிற்கின்றன. ஒன்பது வயதில் சொன்னதற்கு அறுபது வயதிலும் விடை சொல்லும் வாழ்க்கை அது. முப்பதாவது அத்தியாயத்துக்குப் பின் அந்தச் சிறுமிக்கு என்ன ஆகும் என்பதை நம் ஆசிரியர்கள் ஒருபோதும் எழுதுவதில்லை.

எழுதட்டும். சிறுமி கிணற்றைச் சொல்லட்டும். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றம் ஏற்கும் சான்று ஒன்றைத் தம் காலால் நடந்து தேடட்டும். சில வேளை சிறுமி சொன்னது தவறாகவும் இருக்கட்டும். தவறாய்ச் சுட்டப்பட்டவன் வீட்டுக்கும் கதை ஒருமுறை போய் வரட்டும். அப்படி ஒரு தொடர் வருமாயின், வாரந்தோறும் காசு கொடுத்து வாங்கிப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.