அறிவுச் சாளரம்: விரல் அசையுமுன்



மேசைமீதுள்ள எழுதுகோலை எடுக்க எண்ணுகிறோம், கை நீளுகிறது. எண்ணம் முன்னே, செயல் பின்னே என்பதில் நமக்கு ஐயமே எழுவதில்லை. ஆயின், அவ்வெண்ணம் உள்ளத்தில் தோன்றுமுன்னரே மூளை ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறது என்று அறிவியலார் கூறுவாராயின், செய்பவர் யார் என்னும் கேள்வி எழுமன்றோ? இத்திங்கள் அதனையே ஆராய்வோம்.

மூளையில் எப்பொழுதும் நுண்ணிய மின்னலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனிதரிடத்தே அவற்றை 1924-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1964-இல், அந்நாட்டின் பிரைபர்க் நகரில் கார்ன்ஹூபர் என்னும் அறிஞரும் அவர்தம் மாணவர் டேக்கேயும் ஒரு புதிய ஆய்வில் இறங்கினர். ஒளியோ ஒலியோ தூண்டாமல், ஒருவர் தாமாகவே விரலை மடக்கும்பொழுது, அதற்குச் சற்று முன்பு மூளையில் நிகழ்வது யாது?

இதில் ஓர் இடர் இருந்தது. விரல் எப்பொழுது அசையும் என்பது முன்கூட்டித் தெரியாது. தேடும் அலையோ மிகச் சிறிது. ஏனைய அலைகளின் ஆரவாரத்தில் மறைந்துவிடும். அவர்கள் கண்ட வழி எளியது, ஆயினும் வியத்தற்குரியது. யாவற்றையும் காந்த நாடாவில் பதிவு செய்து, பின்னர் நாடாவைப் பின்னோக்கி ஓட்டினர். விரல் அசைந்த கணத்திலிருந்து காலத்தில் பின்னே சென்று, பல நூறு அசைவுகளுக்குச் சராசரி கண்டனர். அசைவுக்கு ஏறத்தாழ ஒரு விநாடிக்கு முன்பே மெல்ல எழும் ஓர் அலை தெளிந்து வந்தது. அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. பிறர் நம் விரலைப் பிடித்து அசைத்தால் அது தோன்றுவதில்லை. 'ஆயத்த மின்னழுத்தம்' எனும் பொருள்படப் பெயரிட்டு 1965-இல் விரிவாக வெளியிட்டனர்.

1983-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெஞ்சமின் லிபெட் இன்னும் ஒருபடி சென்றார். 2.56 விநாடிக்கு ஒருமுறை வட்டமிடும் ஒளிப்புள்ளியைப் பார்க்கச் சொல்லி, 'அசைப்போம்' என்று தோன்றிய கணத்தில் அது எங்கிருந்தது எனக் கேட்டார். அலை எழுந்தது அசைவுக்கு 550 மில்லி விநாடி முன்பு. விருப்பம் உணரப்பட்டதோ 200 மில்லி விநாடி முன்புதான்!

அங்ஙனமாயின், சினத்தில் கை நீட்டியவன், "நான் செய்யவில்லை, என் மூளை செய்தது" என்று கூறித் தப்பலாமோ? லிபெட்டே அதனை ஏற்கவில்லை. தொடங்கியதைத் தடுக்கும் ஆற்றல் நமக்கு உண்டு என்பது அவர் கருத்து.

2012-இல் ஷர்கர் முதலானோர் வேறொரு விளக்கம் தந்தனர். கரை உடைந்த நாள்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கி அளந்தால், வெள்ளம் எப்பொழுதும் உடைப்பை நோக்கியே ஏறியதுபோல் தோன்றும். ஏறி இறங்கிய நாள்கள் கணக்கில் வருவதில்லை. அதுபோல, இவ்வலையும் முடிவு செய்யப்பட்டதன் அடையாளமன்று. தற்செயலாய் ஏறி இறங்கும் மூளையலை எல்லையைத் தொட்ட வேளைகளின் சராசரியாகவே இருக்கலாம் என்றனர்.

2016-இல் பெர்லின் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்க்கு நன்கு விளங்கும். பச்சை விளக்கு எரியும்போது காலால் பொத்தானை மிதிக்க வேண்டும். ஆயத்த அலையைக் கணிப்பொறி கண்டவுடன் சிவப்பு எரியும். அலை எழுந்த பின்னும் பலர் காலை நிறுத்திக்கொண்டனர். அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி வரையில்தான் அது இயன்றது. புறப்பாட்டு ஏற்பாடுகள் யாவும் முடிந்திருப்பினும், கைகாட்டியைக் கடக்கும்வரை வண்டியை நிறுத்த இடமுண்டு, கடந்தபின் இல்லை.

விரல் மடக்கும் ஆய்வைக்கொண்டு வாழ்க்கையின் பெருமுடிவுகளை அளந்துவிட முடியாது. சொந்த ஊரை விட்டு இங்கு வந்து குடியேறியது நாம் ஒரு கணத்தில் செய்த முடிவன்று. பல இரவுகளின் யோசனை. ஆனால் அன்றாடச் சினமும் கடுஞ்சொல்லும் கணத்தில் பிறப்பவை. அவற்றின் எழுச்சி நம் வசத்தில் இல்லாதிருக்கலாம். தடுக்கும் நேரம் குறுகியதே எனினும் உண்டு. ஆகவே, "ஏன் அடித்தாய்?" என்று பிள்ளைகளைக் கேட்கும் உரிமை நமக்கு இன்னும் இருக்கிறது, அதனை நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கடமையும் இருக்கிறது.