பள்ளிக் கதவு மூடிய 19 மாதங்கள்

கொரோனா ஒழிந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பேச இருக்கிறது. நோயில் மாண்டவர்களையாவது சர்க்கார் எண்ணிற்று. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளே அடிபட்ட பிள்ளைகளை, சூளைக்கும் ஆலைக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளை, படிக்கிற வயதில் தாலி கட்டிவைக்கப்பட்ட பெண்களை யார் எண்ணினார்கள்?

2020 மார்ச் 25-ல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஆலைச் சங்கு ஓய்ந்தது. அண்டி ஆபீஸ் கதவு சாத்தப்பட்டது. குளச்சலில் வள்ளங்கள் கரையேறின. “வீட்டிலேயே இருங்கள், அதுவே பாதுகாப்பு” என்றார்கள். யாருடைய வீட்டை நினைத்துச் சொன்னார்கள்? ஒற்றை அறையில் ஆறு பேர் முடங்கிக் கிடக்கும் வீட்டில், கூலியும் இல்லாமல், வட்டிக்காரன் வாசலில் நிற்கையில், பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? தமிழக சர்க்கார் அப்போது ரேஷன் கார்டுக்குக் கொடுத்தது 1,000 ரூபாய்.

அந்த மார்ச் 20 முதல் 31 வரை, குழந்தைகள் உதவித் தொலைபேசி 1098-க்கு நாடெங்கும் இருந்து வந்த அழைப்புகளில் 92,105 அழைப்புகள் கொடுமையிலிருந்து காப்பாற்றச் சொல்லி வந்தவை. போன் கிடைத்தவர்களின் கணக்கு இது. போன் எட்டாத பிள்ளைகளின் கணக்கு எங்கும் இல்லை.

ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் படிப்புக்கு மட்டும் உரிய இடம் அல்ல. அங்கே மத்தியானச் சோறு கிடைக்கிறது. முதுகில் தழும்பு இருந்தால் டீச்சர் கேட்கிறார். நாலு நாள் வராவிட்டால் ஏன் என்று விசாரிக்கிறார். அந்தக் கதவு தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. 19 மாதங்களுக்கு மேல்! சோற்றுக்குப் பதில் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அரிசிப் பை தழும்பைப் பார்க்காது.

டாஸ்மாக் கடையோ 2020 மே 7-லேயே திறந்தது. நீதிமன்றத் தடை ஒரு வாரம் நின்றது, அவ்வளவுதான். குடித்துவிட்டு வருகிறவன் கையில் அகப்படுவது மனைவியும் பிள்ளையுமே என்று தாய்மார்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. வருமானம் தேடிய சர்க்காருக்கு அது காதில் விழவில்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் காப்பாற்றியதா? 2016-ல் மத்திய சர்க்கார் அதைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஓட்டை போட்டது. பள்ளியே இல்லாதபோது 19 மாதமும் விடுமுறைதானே! பிள்ளையின் கூலியைச் சேமிக்கும் காண்ட்ராக்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? உலகம் முழுவதும் 2020 தொடக்கத்திலேயே 16 கோடிப் பிள்ளைகள் உழைப்பில் இருந்தார்கள் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் யூனிசெஃபும் 2021-ல் கூறின. கொள்ளைநோயால் இன்னும் 90 லட்சம் பேர் சேரக்கூடும் என்றும் எச்சரித்தன.

கண்காணிப்பு அற்றுப்போனால் எதுவும் நடக்கும் என்பதற்கு மதுரை சாட்சி. 2021 ஜூனில் அங்கே ஒரு காப்பகத்தில் ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டினார்கள். குழந்தை விலைக்கு விற்கப்பட்டிருந்ததாகப் போலீஸ் கூறியது. விசாரணையில் குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது.

தோழர்களே! சர்க்காரைக் கண்டிக்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேஸ்திரி நம் மேல் கை வைத்தால் ஆலையே நிற்கிறது. அதே கை வீட்டில் பிள்ளை மேல் விழுந்தால் “என் பிள்ளை, நான் அடிக்கிறேன்” என்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு சிறுமிக்குத் தீங்கு நேர்ந்தால் ஊர் மானம் என்று மூடி மறைக்கிறோம். 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதிருப்பதே குற்றம். வறுமை கோபத்தை மூட்டும், மெய்தான். அதை எளியவன் மேல் காட்டச் சொல்லவில்லை.

2016-ன் ஓட்டை அடைக்கப்பட வேண்டும். பஞ்சாயத்து தோறும் குழந்தைப் பாதுகாப்புக் குழு காகிதத்தில் இராமல் மாதந்தோறும் கூட வேண்டும். அதில் தொழிற்சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் இடம் வேண்டும். மறுபடி கொள்ளைநோய் வந்தால் பள்ளி கடைசியில் மூடி முதலில் திறக்க வேண்டும். மூடிய நாட்களில் ஆசிரியர் வாரம் ஒருமுறையாவது பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும். வேலை இழந்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். தோவாளை முதல் விளவங்கோடு வரை ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் தெருவில் அன்று படிப்பை விட்ட பிள்ளைகள் யார், இன்று எங்கே இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கட்டும். 1098 எண்ணைச் சங்கப் பலகையில் எழுதட்டும். கூலிக்குப் போராடும் சங்கம் பிள்ளைக்கும் காவல் நிற்கட்டும்!