எச்சரிக்கைப் பெட்டி திறந்திருக்கும் ஏழு மணி நேரம்

ஆய்வகங்களில் இரவு முழுதும் உலையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் பைத்தான் நிரல்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. மூத்த மாணவர் எழுதியதை இளையவர் நகலெடுத்து, போர்ட் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்கிறார். ஒரு வைல் சுழற்சி. உள்ளே கருவியை வாசித்து, கோப்பில் எழுதி, 5 நொடி காத்திருக்கும். வெப்பநிலை வரம்பைத் தாண்டினால் டிகின்டரின் எச்சரிக்கைப் பெட்டி திரையில் தோன்றும்.

கேடு அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும் அழைப்பு, எவரேனும் ‘ஓகே’ அழுத்தும்வரை திரும்பி வராது. சுழற்சியும் அங்கேயே நிற்கும். இரவு 2 மணிக்கு உலை எல்லை மீறினால், காலை 9 மணிக்கு ஆள் வரும்வரை ஒரு வாசிப்பும் பதிவாகாது. 5,040 வாசிப்புகள் போயின. உலை தறிகெட்ட நேரம் எதுவோ, துல்லியமாக அந்த நேரமே தரவில் இல்லை!

இதை வெறும் நிரல் பிழை என்று ஒதுக்குவது தவறு. ஆய்வேடு எழுதும் வேளையில் அந்த இடைவெளியை ஒரு நேர்கோட்டால் நிரப்பிவிடும் ஆசை எழும். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2 கிரெடிட் நெறிமுறைப் பாடம் தரவுப் புனைவைக் கண்டிக்கிறது; புனையத் தூண்டும் ஓட்டை எங்கே உருவாகிறது என்பதையும் அதே வகுப்பில் காட்டியிருக்க வேண்டும்.

மாற்று வழி கடினமன்று. வாசிக்கும் சுழற்சி த்ரெட் எனப்படும் தனி இழையில் ஓடட்டும். சாளரம் முதன்மை இழையில் இருக்கட்டும். வாசிக்கும் இழை சாளரத்தை நேரடியாகத் தொடாமல், எச்சரிக்கையை ஒரு கியூவில் இட்டால் போதும். முதன்மை இழை ‘ஆஃப்டர்’ வழியே அரை நொடிக்கொருமுறை கியூவைப் பார்த்துப் பெட்டியைத் திறக்கும். பைத்தானில் ஒரு நேரத்தில் ஓர் இழைதானே ஓடும் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இங்கு அது பொருந்தாது: பெட்டி பதிலுக்குக் காத்திருக்கையில் பூட்டு விடுவிக்கப்படுகிறது, மற்ற இழை ஓடுகிறது.

வரம்பைத் தாண்டும் கணத்தில் ஒருமுறை மட்டுமே எச்சரிக்க வேண்டும். இல்லையேல் காலையில் வருபவர் ஆயிரக்கணக்கான பெட்டிகளை மூடிக்கொண்டிருப்பார். இழையை ‘டீமன்’ ஆக்கிவிட்டு மறந்துவிடுவதும் ஆபத்து. நிரல் முடியும்போது அது பாதியில் வெட்டப்படும், கோப்பு ஒழுங்காக மூடப்படாமல் போகலாம். ‘ஈவென்ட்’ ஒன்றால் நிறுத்தச் சொல்லி, அது முடியும்வரை காத்திருப்பதே முறை.

உலையைச் சூடேற்றுவதற்கு முன், வரம்பை அறை வெப்பநிலைக்குக் கீழே வைத்துப் பெட்டியைப் பத்து நிமிடம் மூடாமல் விட்டு, கோப்பில் நேரக்குறிகள் தொடர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.