முழங்கால் தண்ணீருக்கு எத்தனை எச்.பி.?

ஸ்ரீரங்கம் தீவில் ஒவ்வொரு வெள்ளமும் வடிந்த கையோடு யாருக்காவது படகு வாங்கும் யோசனை வந்துவிடும். இந்த முறை வந்தது, உத்தமர்சீலியில் வாழை போட்டிருக்கும் என் மாமாவுக்கு. ஆற்றில் தண்ணீர் கூடினால் அந்தப் பக்கத்தில் காவிரி தரைப்பாலத்தின் மேல் ஏறிக் கொள்ளிடத்தைப் பார்த்து ஓடும். வாழைத் தோட்டங்கள் நீரில் நிற்கும்.

“மாப்ளே, பன்னண்டு அடில அலுமினியப் படகு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். எத்தன எச்.பி. மோட்டார் போடலாம்னு விசாரிச்சுச் சொல்லேன்” என்றார்.

“படகு எதுக்கு மாமா?”

“வெள்ளம் வந்தா வெளிய வர வேணாமா? மத்த நாள்ல தோட்டத்துக்குப் போய்ட்டு வருவேன்.”

பதிலுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மோட்டார் செய்யாது. எத்தனை எச்.பி. என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை அடித் தண்ணீர், என்ன வேகம் என்பவை முதலில் கேட்க வேண்டியவை.

நம் ஆற்றின் சுபாவம் அப்படி. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வானது. விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே போய்விடும் என்பதால்தான் 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். ஆகவே சாதாரண நாட்களில் கொள்ளிடம் மணல்வெளி, காவிரி மட்டும் ஓடும். அதுவும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் வழக்கப்படி, ஆண்டில் ஏழெட்டு மாதம். ஓடும் மாதங்களிலும் ஓரிடத்தில் முழங்கால் அளவு, பத்தடி தள்ளிப் போனால் மணல் அள்ளிய பள்ளத்தில் ஆளையே மூழ்கடிக்கும் ஆழம். இந்த ஆற்றில் பரிசல் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமல்ல. சில அங்குலத் தண்ணீர் இருந்தால் அது மிதக்கும்; மணல் தட்டினால் இறங்கித் தள்ளலாம்.

அவுட்போர்டு மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது. படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் மோட்டாரின் தண்டு சிறிய படகுகளுக்கு 15 அங்குலம், உயரமான பின்பலகைக்கு 20 அங்குலம் என்று பெரும்பாலும் இரண்டு அளவில் கிடைக்கிறது. தண்டின் கீழ்முனையில் சுழலும் விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ, ஓரங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றை இழுத்துச் சும்மா சுழலும். ரொம்பக் கீழே போனால் தண்ணீரை அறைந்துகொண்டு படகு இழுபடும். 15 அங்குலப் பின்பலகைக்கு 20 அங்குலத் தண்டை வாங்கினால் தேவையில்லாமல் அஞ்சு அங்குலம் கூடுதலாக மண்ணைத் தேடிப் போகும். சரியான தண்டை மாட்டினாலும் விசிறி அடிமட்டத்துக்குக் கீழே ஒரு சாண் போலத் தொங்கத்தான் செய்யும். முழங்கால் தண்ணீரில் அது மணலை உழும்.

மணலை உழுதால் இரண்டு கேடு. கல்லிலோ கட்டையிலோ மோதினால் சிறிய மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் மெல்லிய ஊசி ஒடியும். கியரைக் காப்பாற்றுவதற்கென்றே ஒடியும்படி வைத்தது அது. கையில் மாற்று ஊசி இல்லாவிட்டால் துடுப்புதான். இரண்டாவது கேடு மெதுவானது. அவுட்போர்டு மோட்டார் தன்னைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சுகிறது. உறிஞ்சுவது ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்ன பம்பு. மணல் கலந்த தண்ணீர் அந்த இதழ்களை அரைத்துவிடும். மோட்டார் ஓடும்போது பின்னால் பீய்ச்சும் தண்ணீர்த் தாரை மெலிந்தால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். கரையோரமாகப் போனால் ஆகாயத்தாமரை சுற்றிக்கொள்ளும். தோட்டத்துக்குள் நுழைந்தால் வாழைநார் இருக்கவே இருக்கிறது. விசிறித் தண்டில் சுற்றிய வாழைநாரைக் கத்தி இல்லாமல் எடுக்க முடியாது.

இனி குதிரைத்திறனுக்கு வரலாம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு. நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் வரும். 12 அடிக்கு 4.64 நாட், மணிக்கு சுமார் 8.6 கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு அதிக சக்தி தேவையில்லை. ஒரு ஆள் விடாமல் துடுப்புப் போட்டால் கொடுப்பது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்குதான். 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரே ஒன்றரை எச்.பி.தான். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வெயிலில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிவிட்டதால் பிறந்த மோட்டார் என்று ஒரு கதையும் உண்டு. மாமா தோட்டத்துக்குப் போய்வர 2, 3 எச்.பி. தாராளம்.

8.6-ஐத் தாண்டி ஓட வேண்டுமானால் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன்மேல் ஏறிச் சறுக்க வேண்டும். இதற்கு மொத்த எடையில் 25 கிலோவுக்கு ஒரு எச்.பி. என்பது படகுக்காரர்களின் தோராயக் கணக்கு. 12 அடி நீளம், 4 அடி அகலம், தட்டையான அடி கொண்ட அலுமினியப் படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சூத்திரம் 10 எச்.பி. அளவில் நிறுத்திக்கொள்கிறது. கடைகளில் 9.9 எச்.பி. என்ற விசித்திரமான எண் தென்படுவதற்குக் காரணம் வேறு. பத்துக்கு மேல் தடை போட்ட ஏரிகள் அமெரிக்காவில் நிறைய. 10 எச்.பி. என்றால் 250 கிலோ. படகும் மோட்டாரும் பெட்ரோலும் சேர்ந்து 140 கிலோ வரும். மிச்சம் 110 கிலோவில் இரண்டாவது ஆள் ஏறும்போதே கணக்கு இடிக்கிறது. குடும்பத்தோடு ஏறினால் படகு சறுக்காது, பழைய 8.6-க்குத் திரும்பிவிடும்.

வெள்ளத்தில் இந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் தண்ணீர் மணிக்கு 7.2 கிலோமீட்டர். எதிர்த்துப் போனால் கரையைப் பொறுத்தமட்டில் உங்கள் வேகம் 1.4 கிலோமீட்டர், நடைக்கும் குறைவு. விநாடிக்கு இரண்டரை மீட்டர் ஆனால் இன்ஜின் முழு முறுக்கில் கத்திக்கொண்டிருக்க, படகு பின்னால் போகும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களைச் சாய்த்து, 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் ஒன்பது மதகுகளைப் பெயர்த்துக்கொண்டு போன தண்ணீர் அது. அதற்கு முன்னால் 12 அடி அலுமினியம் ஒரு தாம்பாளம்.

அப்படியானால் 25 எச்.பி. மாட்டிவிடலாமே என்பார்கள். மாட்டலாம், பின்பலகை தாங்காது. எடை பின்னால் குவிந்து, வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது படகின் சொந்த அலையே பின்பக்கமாக உள்ளே ஏறும். அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை பெரிய மோட்டார்களைப் பயன்படுத்துகிறது என்றால், அவை மாட்டப்படுவது அகலமான, காற்றடைத்த, எளிதில் கவிழாத படகுகளில். ஓட்டுபவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அதே 2018-இல் கேரளத்தில் ஆயிரக்கணக்கானவர்களை மீட்ட மீனவர்களும், 2015-இல் சென்னைத் தெருக்களுக்குப் படகைக் கொண்டுவந்தவர்களும் ஜெயித்தது குதிரைத்திறனால் அல்ல, நீரோட்டத்தைப் படிக்கத் தெரிந்ததால். வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீருக்கோ மோட்டாரே ஆகாது. கீழே மதில் சுவர், கம்பிவேலி, சாய்ந்த வாழை எதுவும் தெரியாது. தண்ணீரில் தவிக்கும் ஆளை நெருங்கும்போது விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். அங்கே மூங்கில் கழிதான் ராஜா.

வெள்ளத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடுகிறது. மூன்று வழிகள்.

முதலாவது, 2 முதல் 5 எச்.பி.க்குள் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார். டூ ஸ்ட்ரோக் இலேசானது, சல்லிசானது. ஆனால் கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார், எண்ணெய் கலந்த பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே தண்ணீரில் துப்பும். கம்பரசம்பேட்டையில் நீரேற்றுக் கிணறு வைத்துத் திருச்சி குடிப்பது இந்த ஆற்றைத்தான். முத்தரசநல்லூரிலிருந்து ராமநாதபுரம் மாவட்டம் வரை குழாயில் போவதும் இதே தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் எண்ணெய் விடுகிற மோட்டார் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, மின்சார மோட்டார். சத்தமில்லை, புகையில்லை. 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் 600 வாட். 100 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரியில் பாதியைத்தான் உறிஞ்சுவது நல்லது என்பதால் முழு வேகத்தில் ஒரு மணி நேரம், மெதுவாகப் போனால் கூடுதல். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. அக்கரைக்குப் போய்வர இது போதும்.

மூன்றாவது, நம் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் பார்க்கும் லாங் டெயில். நீண்ட தண்டின் முனையில் விசிறி. தண்ணீர் குறைந்தால் கைப்பிடியை அமுக்கி விசிறியை மேலே தூக்கிக்கொள்ளலாம். சின்ன படகுக்குக் காற்றால் குளிரும் பெட்ரோல் இன்ஜினைப் பூட்டினால், மணலை உறிஞ்சப் பம்பே இருக்காது. காது அடைக்கும் சத்தம், கையை உதறும் அதிர்வு இரண்டையும் சகிக்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் மெக்கானிக். அவுட்போர்டின் கியரைத் திறக்கத் தெரிந்த கைகள் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் இருக்கின்றன. காற்றால் குளிரும் சின்ன இன்ஜினை, பம்புசெட்டும் மருந்தடிக்கும் மிஷினும் பார்க்கிற யாரும் பிரித்து மாட்டுவார். பழுதுபார்க்க ஆளில்லாத மோட்டார் எவ்வளவு உசத்தியானாலும் பாரம்தான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் கேட்கிறது. மோட்டாரை மாட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2016-இல் நாடாளுமன்றம் அறிவித்த தேசிய நீர்வழிகளில் காவிரி–கொள்ளிடமும் ஒன்று என்பதை, கோடையில் அந்த மணலில் நடப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் மோட்டார் கடைசி வரி. முதலில், படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் லைஃப் ஜாக்கெட். பிறகு இரண்டு துடுப்பு, ஒரு நீள மூங்கில் கழி, நங்கூரத்தோடு கயிறு, மாற்று ஊசி, கத்தி. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில். இவையெல்லாம் வாங்கியபின் மிஞ்சும் பணத்துக்குள் வருகிற மோட்டாரே அந்தப் படகுக்குப் போதும். முக்கொம்பில் தண்ணீர் கூடுகிறது என்று தண்டோரா போட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, படகை மரத்தில் கட்டிவிட்டு, சாலையில் தண்ணீர் ஏறுமுன் பஸ்ஸைப் பிடித்து ஊரைவிட்டு வெளியே வருவது.