பட்டாவில் இல்லாத விவசாயி

கண் தெரியாதவரால் விவசாயம் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கூடலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லையில் என் சித்தப்பா நாற்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் பதில் தெரிந்துவிடும். யாரும் உட்காரவில்லை. கேள்வியை அவர்களே கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லி, அந்தப் பதிலை வைத்து அவருடைய ஒரு ஏக்கரையும் எடுத்துக்கொண்டார்கள். "அவர்கள்" என்று எழுதுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. நாங்கள் என்பதுதான் சரி.

சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கயிறுதான் அவருக்கு அளவுகோல். நைலான் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு முளைக்குச்சிக்கு நடுவே இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு நாற்று வைப்பார். களையெடுக்கும்போது அதே கயிறு, அதே குச்சி, அதே இடம். முடிச்சுக்கு நேரே இருப்பது செடி, இடையில் கைக்குத் தட்டுப்படுவது களை. சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பார். தக்காளி வாசனை விரலை விட்டுப் போகாது. கத்தரி இலையில் சுனை இருக்கும், மிளகாய் இலை வழவழவென்று இருக்கும். பாத்தி எல்லாம் இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுவைத் தொடும் அகலம்தான். தண்ணீர் பாயும்போது பாத்தியின் கடைசி மூலையில் கால் பெருவிரலை வைத்துக்கொண்டு நிற்பார். விரல் நனைந்ததும் மடையை மாற்றப் போவார். இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஒழுங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

முடியாததும் உண்டு. இலையில் முதலில் விழும் நோய்ப்புள்ளி அவர் கைக்குத் தெரியாது. மருந்தடிக்க ஆள் வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு அவருக்கும் ஆபத்து, எல்லாருக்கும் ஆபத்து. ஆனால் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரரைப் பாருங்கள். கண் நன்றாகத் தெரிகிறது. கவாத்துக்கு ஆள், மருந்தடிக்க ஆள், குலை வெட்ட ஆள், பெட்டியில் அடுக்க ஆள். "இத்தனை பேர் கை வேணும்னா உனக்கெதுக்கு விவசாயம்" என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் கையை நம்பி இருப்பது பார்வையுள்ளவருக்கு நிர்வாகம், பார்வையற்றவருக்கு மட்டும் இயலாமையா?

என் கதை இன்னும் மோசம். நான் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறேன். லோயர் கேம்ப் போகும் பக்கம் இரண்டு ஏக்கர் பந்தல் தோட்டம் என் பெயரில் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை போவேன். மீதி நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் போட்டோதான். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஸ்டேட்டஸ் வைத்தேன். நண்பர்கள் "விவசாயி" என்று வாழ்த்தினார்கள். மறுக்கவில்லை. தினமும் மண்ணில் காலை வைத்து நிற்பவர் "பாவம், வீட்ல இருக்காரு". போட்டோ பார்ப்பவன் விவசாயி.

அந்த இரண்டில் ஒரு ஏக்கர் சித்தப்பாவுக்கு வந்திருக்க வேண்டியது. 1989இல், தாத்தா இறந்த பிறகு, "நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி அப்பா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். சித்தப்பா கைநாட்டு வைத்தார். பத்திரத்தை யாரும் முழுசாக வாசித்துக் காட்டவில்லை என்று அம்மா ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். அப்பாவுக்குப் பின் பட்டா என் பெயருக்கு வந்தது. சோறு, துணி, வைத்தியம், எதிலும் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பங்கைப் பற்றிப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டோம்.

இது பழைய வழக்கம். திருதராஷ்டிரன் மூத்தவன், கண் இல்லை என்பதால் அரசு தம்பிக்குப் போனது. பாரதம் கேட்ட ஊர்களில் இதை அநியாயம் என்று யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பிறவிக் குருடருக்குச் சொத்தில் பங்கில்லை என்பது பழைய இந்து சட்டத்திலேயே இருந்தது. 1928இல் ஒரு சட்டம் வந்து அதை நீக்கியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், நோய், ஊனம் என்று காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்று 28ஆவது பிரிவில் சொன்னது. சட்டம் மாறி அறுபத்தோரு வருஷம் கழித்தும் எங்கள் வீடு மாறவில்லை. கட்டாயப்படுத்தி விலக்கினால்தானே குற்றம்? நாங்கள் பாசத்தால் விலக்கினோம்.

முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமா? குஜராத்தில் பன்சா என்ற ஊரில் பார்வையற்றோருக்கான டாடா விவசாயப் பயிற்சி மையம் 1960இல் தொடங்கியது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் யெலி என்ற கிராமத்தில் பார்வை இழந்த ஜியா ஹைஷியாவும் இரண்டு கைகளும் இல்லாத ஜியா வென்ச்சியும் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேல் மரம் வளர்த்தார்கள். இந்தச் செய்தியை நாமெல்லாம் ஷேர் செய்தோம், "தன்னம்பிக்கை" என்று தலைப்புப் போட்டு. பாராட்டுவதற்குக் காசு ஆகாது. பங்கு கொடுப்பதற்கு ஆகும்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதில் 69 சதவீதம் கிராமத்தில். ஆனால் பார்வையற்றவருக்கு வேலை என்றதும் நமக்குத் தோன்றுவது எல்லாம் டவுன் வேலை: டெலிபோன் ஆபரேட்டர், ஆசிரியர், ரயிலில் ஊதுபத்தி விற்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37ஆவது பிரிவில், அரசுத் திட்டங்களில் ஒதுக்கும் விவசாய நிலத்தில் 5 சதவீதம் அவர்களுக்கு என்கிறது, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு பற்றி என் நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும். நிலத்தில் 5 சதவீதம் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் போன வருஷம்தான் தெரியும்.

என் தொழிலும் இதில் சுத்தம் இல்லை. சித்தப்பாவின் வங்கிக் கணக்குக்குக் கேஒய்சி செய்ய ஒரு செயலி "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றது. சிமிட்ட அவருக்கு இமை அசைவதில்லை. ஸ்கிரீன் ரீடர் வைத்தால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் படித்தது. அந்தப் பட்டன்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டவன் என்னைப் போல ஒருவன். அணுகல் வசதி பற்றிய டிக்கெட்டுகளை நானே எத்தனை தடவை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளியிருக்கிறேன்! 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றும், சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்றும் சொன்னது. இதைச் சொல்ல நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டும். மண் அவரிடம் கண்ணைக் கேட்டதே இல்லை. காகிதமும் திரையும்தான் கேட்கின்றன. இரண்டையும் செய்தவர்கள் கண்ணுள்ளவர்கள்.

வாசிக்கும் நண்பர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் குடும்பத்துப் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "பாத்துக்கிறோம்" என்ற ஒரு வார்த்தைக்கு யார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். தேடினால் ஒருவர் கிடைப்பார்.

ஒரு ஏக்கரைத் திருப்பி எழுதுகிறேன் என்று பொங்கலுக்கு வீட்டில் சொன்னேன். அத்தைதான் முதலில் பதறினார். "கண்ணு தெரியாத மனுசன்ப்பா. யாராச்சும் ஏமாத்தி எழுதி வாங்கிருவாங்க."

"ஏற்கெனவே வாங்கியாச்சு அத்தை. நாமதான் வாங்கினோம்."

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் திண்ணையிலிருந்து கேட்டார்: "ஏண்டா, அந்தப் பந்தல்ல கல்லுக்காலு எத்தன அடிக்கு ஒண்ணு நட்டிருக்கு? கயிறு முடியணும்ல."

எனக்குத் தெரியவில்லை. பட்டா என் பெயரில்தான் இருந்தது.